எடை மெஷினுக்குப் பயந்த தாகம்

எங்கள் பெண்கள் கால்பந்து அணியில் ஆட்டத்தன்று எல்லாரும் எடை மெஷினில் ஏற வேண்டும். போன ஆட்டத்தைவிட முள் கொஞ்சம் தாண்டினாலும் பெஞ்சுதான். பயிற்சியாளர் போட்ட சட்டம் அது. அவரை மாஸ்டர் என்போம்; வாயில் வரும் வேறு பெயர்களை இங்கே எழுத முடியாது. அதற்கு முந்தின நாளிலிருந்தே பெண்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பார்கள். எனக்கு மட்டும் விலக்கு. "கோல் கீப்பர் குண்டா இருந்தா கோலு தானா அடைபடும்" என்பார். நானும் வெட்கமில்லாமல் வயிறு முட்டத் தின்பேன்.

என் தங்கை முன்வரிசையில் ஆடுபவள். பட்டப்பெயர் சிட்டு. ஓர் ஆட்டத்தன்று அவளுடைய உதடு வெடித்திருந்தது. பாட்டிலை நீட்டினேன், தட்டிவிட்டாள்.

"ஒரு வாய் குடிடி, செத்துத் தொலையாதே."

"எடை போட்டதும் குடிக்கிறேன்க்கா."

முள் தாண்டவில்லை. ஆனால் மாஸ்டர் குறுக்கே வந்தார். "இப்பக் குடிச்சா வயிறு குலுங்கும். இடைவேளையில பாத்துக்கலாம்." தண்ணீர்ப் பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மண்டையைப் பிளக்கும் வெயில். இடைவேளைக்கு முன்பே சிட்டு மைதானத்தில் குப்புற விழுந்தாள். கை கால்கள் வெட்டி இழுத்தன. நாக்கைக் கடித்துக்கொண்டதால் வாயெல்லாம் ரத்தம். நான் கோலை விட்டு ஓடி வருவதற்குள் மாஸ்டர் அவள் கன்னத்தில் அறைந்தார். "நடிக்கிறியா? எழுந்திரு!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஓங்கி ஒரே குத்து. மூக்குத்தண்டு முறிந்த சத்தம் கேட்டது. என் முடியைப் பிடித்துத் தரையில் தள்ளினார். அவர் கையைச் சதை பிய்யக் கடித்தேன். அணியே சேர்ந்துதான் எங்களைப் பிரித்தது. இன்னும் இரண்டு குத்து விட்டிருக்கலாம் என்றுதான் இப்போதும் தோன்றுகிறது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னிடம் எரிந்து விழுந்தார். "உடம்புல தண்ணியும் இல்ல, உப்பும் இல்ல. கிட்னி அடிவாங்கியிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உயிரே போயிருக்கும்."

சாயங்காலம் சிட்டு கண் திறந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ கையில் ஏறிக்கொண்டிருந்த குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்தாள்.

"இது எவ்ளோ எடை ஏத்தும்க்கா?"

நான் வாய் திறப்பதற்குள் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள். படுக்கை முழுதும் ரத்தம் தெறித்தது. "நர்ஸ்!" என்று கத்திக்கொண்டே அவள்மேல் விழுந்து, இரண்டு கைகளையும் அமுக்கிப் பிடித்தேன். உடம்பில் மிச்சமிருந்த பலத்தையெல்லாம் திரட்டி என் வயிற்றில் உதைத்தாள்.

"விடுக்கா! அடுத்த ஆட்டத்துல என்னைப் பெஞ்சுல உக்கார வச்சிடுவாரு!"