அடுப்பு எரியும் நேரம்

ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை நேரத்தை அளக்க மணியும் கிடையாது, மணல் கடிகையும் கிடையாது. அடுப்புதான் அளவு. தீ பிடித்ததும் வேலை தொடங்கும். தீ அணைந்ததும் வேலை முடியும். இந்தச் சட்டத்தைப் போட்டவன் சமையல்கட்டு மேற்பார்வைக்காரன் தானியேல். பழவேற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவன்தான். ஆனால் தன் தேசத்துக்குத் திரும்பிய ஒரு ஒல்லாந்துச் சிப்பாய் விட்டுப்போன கம்பளித் தொப்பி தலையில் ஏறிய நாள்முதல், வெயில்கூடத் தன்னிடம் உத்தரவு கேட்டுத்தான் அடிக்கிறது என்பதுபோல நடந்துகொண்டிருந்தான்.

சட்டம் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. சமையல்கட்டில் மூன்று பெண்கள். மூவருக்கும் ஒரே அடுப்பு. ஆகவே ஒரே நேரம். ஆகவே கூலியும் ஒரே அளவு நொய்யரிசி. வாத்தியார் துரையிடம் அவர் பாஷையில் தானியேல் இதை விளக்கியபோது, இந்த ஊரில் இப்படியொரு நியாயவானா என்று துரை அவன் முதுகில் தட்டிக்கொடுத்தாராம். தட்டிக்கொடுத்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. சொன்னவன் தானியேல்.

மூன்று பெண்களில் செசிலியா அவனுடைய கொழுந்தியாள். பிலோமினா செசிலியாவின் சிநேகிதி. இருவருக்கும் வீடு கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்தது. கூரை ஓட்டைவழியாகப் புகை கிளம்பியதைப் பார்த்த பிறகுதான் தலையை வாரிக்கொண்டு வருவார்கள். செசிலியா கஞ்சியைக் கிண்டுவாள். பிலோமினா உப்புப் பார்ப்பாள். உப்புப் பார்ப்பது ஒரு வேலையா என்று கேட்டால், பெற்றோர் இல்லாத அத்தனை பிள்ளைகள் சாப்பிடுகிற கஞ்சிக்கு உப்பு முக்கியமில்லையா என்று தானியேல் திருப்பிக் கேட்பான்.

மூன்றாமவள் கோவிந்தம்மா, ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. இருட்டோடு வருவாள். ஏரித் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, கோட்டைக் கிணறும் அப்படித்தான். ஊருக்கு வெளியே இருக்கிற நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து தொட்டியை நிரப்ப வேண்டும். நெல் குத்த வேண்டும். மீனைச் செதில் போக்கி, முள் ஒடித்து, குடல் எடுத்துக் கழுவ வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு தானியேல் வந்து, ஒரு சாமியாரின் பக்தியோடு அடுப்பைப் பற்றவைப்பான். அந்த நொடியில்தான் கோவிந்தம்மாவின் வேலை நேரம் தொடங்கியது. பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் அடுப்பில் தண்ணீர் தெளிப்பான். வேலை நேரம் முடிந்தது. அதற்குப் பிறகு கரிப்பிடித்த பானைகளோடும் மணலோடும் அவள் மல்லுக்கட்டுவதற்குப் பெயரே கிடையாது.

முதலில் தன்மேல்தான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒருவேளை நாம்தான் மந்தமோ, வேறு யாராவது செய்தால் சீக்கிரம் முடியுமோ என்று நினைத்தாள். குடம் தூக்கிப் போகும்போது செய்த வேலைகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் வரிசை வைத்துப் பார்ப்பாள். எதைக் குறைக்கலாம்? தண்ணீரைக் குறைத்தால் கஞ்சி இல்லை. குத்துவதைக் குறைத்தால் பிள்ளைகளுக்கு உமிதான். கெளுத்தியின் முள்ளை ஒடிக்காமல் விட்டால் எடுக்கிறவர் கை வீங்கும். குறைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று கடைசியில் கண்டாள். உப்புப் பார்ப்பதைக் குறைக்கலாம். அது அவள் வேலை இல்லை.

இப்படியே போயிருக்கும். நொய்யரிசி வீட்டுக்குத் தேவைப்பட்டது. அவள் புருஷன் கருப்பனின் காலில் திருக்கை முள் ஏறி, கால் பூசணிக்காய்போல வீங்கி, அவன் பாயோடு கிடந்தான். ஆனால் அந்த மாதம் அவர்கள் வீட்டுப் பாடு வந்தது.

பாடு என்றால் ஏரியில் வலை போடுகிற முறை. இறால் ஓடுகிற நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் இறங்கிவிட முடியாது. குப்பத்தில் இருக்கிற வீடுகளுக்குச் சீட்டுப் போட்டு வரிசை வைத்திருப்பார்கள். விடியும்போது ஊர்த் தலைவர் நீலமேகம் கரையில் நின்று அன்றைய வீட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த வீட்டாள் ஒருவர் அங்கே நின்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் பாடு அடுத்த வீட்டுக்கு. விட்ட வீடு வரிசையின் கடைசிக்குப் போய், ஊர் முழுக்க ஒரு சுற்று முடிகிறவரை காத்திருக்க வேண்டும். கருப்பனின் தம்பி பச்சைமுத்து வலை போட்டுக் கொடுக்கத் தயாராக இருந்தான். ஆனால் அவன் தனிக்குடித்தனம். அண்ணன் வீட்டுக்காகக் குரல் கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை. கருப்பனால் வாசல்வரைகூட நகர முடியாது. மிச்சம் கோவிந்தம்மாதான்.

பானை தேய்த்து முடித்த கையோடு அவள் தானியேலிடம் போய் நின்றாள். செசிலியா அங்கே உட்கார்ந்து, செய்யாத வேலையின் களைப்பில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு விடியக்காலையில எங்க பாடு. ஊட்டாளு கரையில நிக்கணும். கொஞ்சம் தாமசமா வரேன் தானியேலண்ணே."

"அடுப்பு பத்தறதுக்கு முன்னாடி வர வேண்டியதையா சொல்றே, அப்பறமா வர வேண்டியதையா?"

"முன்னாடி வர்றதைத்தான்."

"அது உன் வேலை நேரமே இல்லியே. இல்லாத நேரத்துக்கு நான் எப்படி உத்தரவு குடுக்கிறது?"

"அப்போ வரவேணாமா?"

"வரவேணாம்னு நான் எங்கே சொன்னேன்? உத்தரவு குடுக்க முடியாதுன்னுதான் சொன்னேன்."

செசிலியா சிரித்தாள். "இந்த வலைக்காரங்களுக்கு இதெல்லாம் வெளங்காது மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்து கோவிந்தம்மா நடந்ததைச் சொன்னாள். பாடு போனால் போகட்டும், நொய் நாள்தோறும் வருகிறதே, அதைக் கெடுத்துக்கொள்ளாதே என்றான் கருப்பன். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்தப் பாடு வருவதற்காக அவன் எவ்வளவு காத்திருந்தான் என்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் குரல் கொடுக்க ஆள் இல்லை என்று ஊர் பேசினால், கால் ஆறிய பிறகும் அந்தப் பேச்சு ஆறாது.

அவள் தானியேலின் வார்த்தைகளை, வலையில் கலந்து வந்த மீனைப்போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தாள். வேலை நேரம் இல்லை என்றான். வேலை நேரம் இல்லையென்றால் அந்த நேரம் யாருடையது? என்னுடையது. என்னுடைய நேரத்தில் எங்கே நிற்பது என்று அவனை எதற்குக் கேட்டேன்? இதில் ஏதோ ஓட்டை இருக்க வேண்டும், நமக்குத்தான் தெரியவில்லை என்று திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். ஓட்டை இருந்தது. அது தானியேல் பக்கம் இருந்தது.

விடியலில் கரையில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது. நீலமேகம் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"கருப்பன் ஊடு."

"இருக்கோம்" என்றாள் கோவிந்தம்மா. குரல் பாதியில் உடைந்தது. திரும்பவும் உரக்கச் சொன்னாள். "இருக்கோம்."

அடுத்த வரிசைக்காரன் பூபதி ஏற்கெனவே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக வந்திருந்தான். பொம்பளைக் குரலெல்லாம் எப்போதிலிருந்து கணக்கில் சேர்ந்தது என்று கேட்டான்.

"ஊட்டாளு குரல் குடுக்கணும்னுதான் பேச்சு. மீசையோட குடுக்கணும்னு யாரும் சொல்லலை" என்றார் நீலமேகம். "போடா, பச்சைமுத்து. தோணியத் தள்ளு."

கரை சிரித்தது. பூபதி, வலையைக் காயவைக்கத்தான் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்காத விளக்கம் ஒன்றைச் சொன்னான். தோணி நகர்ந்தது. வலைக்கம்பு ஊன்றுகிறவரை கோவிந்தம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது கோட்டைப் பக்கம் புகை எழுந்தது. தானியேல் சட்டம் தவறாதவன். வழக்கமான நேரத்துக்குப் பற்றவைத்துவிட்டான். அவள் ஓடவில்லை. ஏரியைச் சுற்றிப் போகிற நீண்ட வழியில், வேலைக்குப் போகிறவள் நடக்கிற நடையில் நடந்தாள்.

சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைத் தவிர ஒன்றுமே ஒழுங்காக இல்லை. தொட்டி காலி. நல்ல தண்ணீர்க் கிணறுவரை நடக்க மனம் வராமல் செசிலியா கோட்டை அகழியில் மொண்டு வந்து, இருந்த நொய்யைப் போட்டுக் கஞ்சி காய்ச்சியிருந்தாள். அகழியில் இருப்பது ஏரித் தண்ணீர். பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு முற்றம் முழுக்கத் துப்பிவைத்திருந்தார்கள். உப்புப் பார்க்கிற பிலோமினா அன்றைக்கென்று பார்க்கவில்லை. அடுப்பு பற்றின பிறகு வந்தவளுக்குத் தலை வாரவே நேரம் சரியாக இருந்ததாம். மீன் கூடையில் செதிலோடு கிடந்தது. செசிலியாவுக்கு மீன் தட்டில்தான் பழக்கம். முள் இருப்பது தெரியாமல் கெளுத்தியை அப்படியே அள்ளிப் பிடித்திருக்கிறாள். விரல் வீங்கி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நடுவில் வாத்தியார் துரை நின்றிருந்தார். அவருடைய கையில் கஞ்சி அகப்பை. அவரும் ருசி பார்த்திருக்க வேண்டும், மீசை நனைந்திருந்தது.

இவள் ஏன் தாமதம் என்று துரை கேட்டிருக்க வேண்டும். தானியேல் அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"அடுப்பு பத்தினதைப் பார்த்ததும் வந்துட்டேன்" என்றாள் கோவிந்தம்மா. "சட்டப்படி தாமசம் இல்லியே அண்ணே."

அவள் சொன்னது ஒரு வாய் அளவு. தானியேல் மொழிபெயர்த்தது ஒரு குடம் அளவு. நடுநடுவே தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான், வானத்தைக் காட்டினான். துரை கேட்டுவிட்டு இரண்டு வார்த்தை சொல்லி, அகப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தானியேலின் முகம் கரிப்பானையாயிற்று.

துரை சொன்னது என்ன என்பதைச் செசிலியாதான் சொன்னாள். அவளுக்கும் அந்தப் பாஷை கொஞ்சம் தெரியும். விரல் வலித்த வலியில் யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது. உன்னுடைய அடுப்புச் சட்டம் அருமையானது, யாரும் அதை மீறக் கூடாது, நாளைக்குக் கஞ்சி சரியாக இல்லையென்றால் உன்னைத்தான் கேட்பேன் என்றாராம். தான் பெருமையடித்த சட்டம் பொய் என்று தானியேல் இனி எந்த வாயால் போய்ச் சொல்வான்?

கோவிந்தம்மா தண்ணீர் தூக்கினாள், நெல் குத்தினாள், மீன் அறுத்தாள், புதிதாகக் கஞ்சி வைத்தாள். தீ எரிந்துகொண்டிருந்தது; ஆகவே அது வேலை. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தானியேல் பழக்க தோஷத்தில் அடுப்பில் தண்ணீர் தெளித்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பானைங்க?" என்றான் தானியேல்.

"தீ அணைஞ்சிருச்சே அண்ணே."

அவளை அன்றோடு நிறுத்திவிடுவேன் என்றான். சரி என்றாள். பாயில் கிடக்கிறவன் முகம் கண்ணுக்குள் வந்தது. தானியேல் மற்ற இருவரையும் பார்த்தான். நாளைக்கு யார் குடம் எடுப்பது? பிலோமினா கூரையில் ஓட்டையைத் தேடினாள். செசிலியா விரலைக் காட்டினாள்.

தானியேல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பிறகு குனிந்து, பனைமட்டையை ஒடித்து வைத்து, ஈர அடுப்பை ஊதி ஊதித் திரும்பவும் பற்றவைத்தான். பானை இல்லாத அடுப்பு. கண்ணில் தண்ணீர் கொட்டிற்று.

"இப்போ எரியுதா? தேய்."

"எரியுது" என்றாள் கோவிந்தம்மா. கரிப்பானை ஒன்றைப் பிலோமினாவின் முன்னால் நகர்த்தி வைத்தாள், இன்னொன்றைச் செசிலியாவின் முன்னால். "மூணு பேருக்கும் ஒரே அடுப்புதானே. நல்ல கையால தேய்ங்க தங்கச்சி."

செசிலியா மாமாவைப் பார்த்தாள். மாமா தீயைப் பார்த்தான். பட்டப்பகலில், வெயில் தகிக்கிற நேரத்தில், கம்பளித் தொப்பிக்கடியிலிருந்து வேர்வை ஒழுக, கோட்டையின் விறகை ஒன்றுமில்லாததன் கீழ் எரித்துக்கொண்டிருந்தான் அவன். மூன்று பெண்களும் தேய்த்தார்கள். மூன்று பேர் தேய்த்ததில் சீக்கிரமே முடிந்துவிட்டது.

அவள் குப்பத்துக்குத் திரும்பியபோது பச்சைமுத்து கரையேறிப் போயிருந்தான். வாசலில் இறால் குவிந்து கிடந்தது. கருப்பன் வீங்கிய காலை நீட்டியபடி உட்கார்ந்து அதன் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பார்த்ததும் முதலில் வேலை போச்சா என்றுதான் கேட்டான்.

"போகலை. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடியே வந்து அடுப்பு பத்தவெக்கிறேன்னு தானியேல் சொல்லியிருக்காரு. மத்த ரெண்டு பேரும் வருவாங்க."

"அவ்வளவு சீக்கிரம் எதுக்கு?"

"நான் மீன் அறுக்கிறதுக்கு."

கருப்பனுக்குப் புரியவில்லை. மீன் அறுக்க அடுப்பு எதற்கு, சட்டத்தை மாற்றிவிட்டுப் போகலாமே என்றான்.

"சட்டத்தை மாத்தினா தொப்பி கழண்டுடும்னு நினைக்கிறாரு. வெறகு எரியறது அவருக்கு வலிக்கலை, கோட்டை வெறகுதானே" என்றபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கை இறாலை அள்ளினாள். நாளைக்குத் தானியேல் வராவிட்டால் என்ற நினைப்பு வந்தது. வராவிட்டால் கோட்டை வாசலில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு, புகை தெரிகிறவரை உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்துகொண்டு, அடுத்த கை அள்ளினாள்.