ஏழரை மணிச் சங்கு

"அஞ்சாயிரம் பேரைத் தாங்கிருச்சுங்க ரஞ்சனி. நீங்க கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமை விட்டுரலாம்" என்றார் பிராங்ளின். குன்னூர் அலுவலகத்தில் அவர்தான் அவளுக்கு மேலதிகாரி.

ரஞ்சனி போடவில்லை. யானை எங்கே நிற்கிறது என்று தோட்டத்து மக்களுக்குச் சொல்லும் ஆப் அது. வெளியே பார்க்க ஒன்று. உள்ளே வரைபடம், எச்சரிக்கை, உள்நுழைவு என்று பதினோரு தனித்தனிச் சேவைகள். கூட்டம் கூடினால் அதில் எது முதலில் மூச்சுத் திணறும் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதில் அவள் யாருக்கும் பயந்ததில்லை.

"இந்த டெஸ்ட்ல அஞ்சாயிரம் பேரும் அரை மணி நேரமா ஒவ்வொருத்தரா வர்றாங்க. எந்த ஊர்ல சார் அப்படி வருவாங்க?"

"எங்கயும் அப்படித்தானுங்க பண்றோம்."

"எங்க லயத்துல வந்து பாருங்க. ஏழரைக்குச் சங்கு ஊதும். வாசப்படி எறங்குறப்பதான் போனைப் பார்ப்பாங்க. மொத்தப் பேரும் ஒரே நிமிஷம்."

கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பு அது. அவள் அம்மா கருப்பம்மா அங்கே இன்னும் கொழுந்து பறிக்கிறாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்குப் போகும் வழியில்தான், போன வருடம் பக்கத்து வீட்டுச் சுப்பண்ணனை யானை அடித்துக் கொன்றது.

சோதனையை மாற்றி எழுதினாள். ஐயாயிரம் பேர், அறுபது நொடி. நாற்பதாவது நொடியில் உள்நுழைவுச் சேவை படுத்துவிட்டது. எச்சரிக்கைச் சேவைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்நுழைவு தலையாட்டாமல் அது வாய் திறக்காதபடி கட்டியிருந்தார்கள். யானை வருகிறது என்று சொல்லப் பாஸ்வேர்டு கேட்கிற புத்திசாலித்தனத்தை எங்கே போய்ச் சொல்வது! கட்டியவர் பிராங்ளின்தான். முகம் சிவந்தாலும் நல்ல மனிதர். எச்சரிக்கை யாரையும் கேட்காமல் போகும்படி அன்றைக்கே மாற்றிக் கொடுத்தார். ரஞ்சனி அதே சோதனையை மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை ஏழரைக்குத் திரையில் ஆப்பைத் திறந்தவர்களின் எண்ணிக்கைக் கோடு செங்குத்தாக ஏறியது. பிராங்ளின் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விழாது சார்" என்றாள் ரஞ்சனி. விழவில்லை.

ஐந்து நிமிடத்தில் அம்மா அழைத்தாள். "புள்ள, சுப்பண்ணன் போன அதே வளைவுலதான் யானை நிக்குதாம். எல்லாரு போன்லயும் ஒன்னா வந்திருச்சு. நாங்க மேல் ரோட்டுல சுத்திப் போறோம். பெரட்டுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்."

ரஞ்சனி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிராங்ளின் அவளுக்கு டீ வாங்கி வரப் போனார்.