மகள் வந்த பிறகும்

மகள் வீடு வந்து சேர்ந்த பிறகும் லாரிக்காரர் அவளுக்காகக் காத்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் கேட்டருகே போய் நின்றார். மகள் தெருமுனையில் திரும்பி நடந்து வந்து, கேட்டைத் திறந்து, அவரைத் தாண்டி உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினாள். அவர் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள், திரும்பவில்லை. முன்னால் போய் நின்று தோளைப் பிடித்து உலுக்கினாள். வழியை மறைக்கிற ஆளை ஒதுக்குவதுபோல அவளை ஓரங்கட்டிவிட்டு, கழுத்தை நீட்டி, “இன்னும் காணோமே” என்றார்.

விஷயம் இங்கிலீஷ் வகுப்பில் தொடங்கியது. மாவு மில்லின் மாடியில் கோட்டு சார் நடத்திய வகுப்பு அது. உச்சிவெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார் என்பதால் அந்தப் பெயர். கீழே மில் ஓடும்போது மாடியில் சாதாரணக் குரல் எடுபடாது. அதனால் அங்கே இங்கிலீஷை, போகிற பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் மாதிரிக் கத்தித்தான் படித்தார்கள். ஒருவர் வாக்கியத்தைக் கத்த வேண்டும், மற்றவர்கள் அதையே சேர்ந்து கத்த வேண்டும். வாக்கியம் அவரவர் வீட்டு விஷயமாக இருக்க வேண்டும் என்பது சாரின் சட்டம். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பாடம், முடிவில்லாமல் நடப்பதைச் சொல்லும் வார்த்தைகள். எண்ட்லெஸ்லி, சீஸ்லெஸ்லி, இன்செசன்ட்லி, பெர்பெச்சுவலி என்று பலகை நிறைய எழுதிப்போட்டார். தையல்காரர் எழுந்து தன் மெஷின் சீஸ்லெஸ்லி ஓடுவதாகக் கத்தினார். மருந்துக்கடைக்காரர் தன் போன் இன்செசன்ட்லி அடிப்பதாகக் கத்தினார். இரண்டும் பீற்றல், தையல்காரரிடம் துணி வந்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. லாரிக்காரரின் மகள் எழுந்து, என் அப்பா எனக்காக எண்ட்லெஸ்லி காத்திருக்கிறார் என்று கத்தினாள். வகுப்பே அதைத் திருப்பிக் கத்தியது.

அதுவும் பொய்தான். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் அப்பா குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எங்கே போனாய், ஏன் லேட் என்று ஒருநாளும் கேட்டவரில்லை. லாரி ஓட்டிய காலமெல்லாம் மற்றவர்கள்தான் அவருக்காகக் காத்திருந்தார்கள். அவர் மனைவி அதைச் செய்தபடியே செத்துப்போனாள். ஏன் அப்படி ஒரு வாக்கியம் வாயில் வந்தது என்று மகள் யோசிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் பரீட்சை எழுத இங்கிலீஷ் வேண்டியிருந்தது; கேட்டார்கள், சொன்னாள்.

அன்றிலிருந்து தையல்காரரின் மெஷின் மிதிக்க ஆளில்லாமல் ஓடியது. துணி கொடுக்காவிட்டால் காற்றைத் தைத்தது. மருந்துக்கடைக்காரர் தாங்கமுடியாமல் போனைக் கிணற்றில் போட்டார். அதன்பின் கிணறு அடித்தது. லாரிக்காரர் நின்றபடி சாப்பிட்டார், நின்றபடி தூங்கினார். மகள் ஆஸ்பத்திரியில் கெஞ்சி, தள்ளுவண்டி எக்ஸ்ரே மெஷினைத் தெருவுக்கே உருட்டிவந்தாள். ஆடாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க என்று வழக்கம்போலச் சொன்னாள். அவ்வளவு ஆடாமல் நின்ற ஆளை அவள் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. படத்தில் ஒரு கோளாறும் இல்லை. இந்த வயதில் இப்படி முழங்கால் வைத்துக்கொள்ள இவருக்கு என்ன உரிமை என்று டாக்டர் பொறாமைப்பட்டார்.

செய்தி கேட்டு அத்தை வந்து இறங்கினாள். லாரிக்காரரின் தங்கை, அவள் வாய்க்குச் சுங்கம் கிடையாது, எதுவும் தடையில்லாமல் வெளியே வரும். “பொண்ணு மூக்குக்கு நேரா நிக்கிறா, கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு? பொண்டாட்டி இருந்தப்ப இதுல காவாசி நின்னிருந்தா அவ இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பா” என்று அண்ணனிடம் பொரிந்து தள்ளினாள். அண்ணன் காதில் விழவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். “உன் வாயால வந்த வினை. நீயே நிப்பாட்டு.”

நிறுத்த வழி இருந்தது. அடுத்த பாடம், முடிந்துபோனதைச் சொல்லும் வார்த்தைகள். தையல்காரர் முந்திக்கொண்டு எழுந்து, மெஷின் ஃபைனலி நின்றுவிட்டது என்று கத்தினார். நின்றது. பிறகு எந்த மெக்கானிக் வந்தும் சக்கரம் அசையவில்லை. அவர் கைபட்ட வேறு மெஷின்களும் நின்றுபோயின. இப்போது குடை விற்கிறார். மருந்துக்கடைக்காரரின் கிணறும் அடங்கியது. அதோடு அவரை யாரும் எந்தக் காரியத்துக்கும் கூப்பிடுவதில்லை, அவர் மனைவி உட்பட. அடுத்த வகுப்பில் மகளின் முறை. அவள் கத்தினால் அப்பா காத்திருப்பதும் நின்றுபோகும், அதோடு சேர்ந்து இன்னும் என்னென்ன நின்றுபோகும் என்பதுதான் தெரியவில்லை.

அதற்குள் அவள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். தெருமுனையில் திரும்பியதிலிருந்து கேட்டைத் தொடும்வரை அப்பாவுக்கு அவள் தெரிந்தாள். தொட்டதும் மறைந்துபோவாள். ஆகவே அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் நடந்துகொண்டே சொல்ல வேண்டும். பேச்சு நீண்டால் முனைக்குத் திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும். பென்ஷன் விஷயம் ஒன்றைப் பேசி முடிக்க ஒரு மத்தியானம் முழுக்க நடந்திருக்கிறாள். தெருவில் சிரித்தார்கள். அவள் பொருட்படுத்தவில்லை.

வகுப்புக்குக் கிளம்பும் முன் முனைவரை போய்த் திரும்பினாள்.

“அப்பா, நிப்பாட்டிரவா?”

“எத?”

“இப்படி நிக்கிறத.”

“அதெல்லாம் அப்புறம். ஓரமா வா, பின்னாடி வண்டி வருது.”

பின்னால் வண்டி வரத்தான் செய்தது. அவள் ஓரமாக வந்தாள். கேட்டைத் தொட்டாள். அவர் கழுத்தை நீட்டி முனையைப் பார்த்தார். அப்பா தன்னை ஒன்று சொல்லி அதட்டியது அதுதான் முதல் தடவை என்பது மில் மாடிப்படி ஏறும்போது அவளுக்கு உறைத்தது.

கோட்டு சார் அவள் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து நின்றாள். கீழே மில் அலறிக்கொண்டிருந்தது.

“எங்கிட்ட வாக்கியம் இல்ல சார்” என்று கத்தினாள்.

“பரீட்சையில மார்க் போயிடும்மா.”

“போகட்டும் சார்.”

வகுப்பு பழக்கதோஷத்தில், போகட்டும் சார் என்று சேர்ந்து கத்தியது.

மார்க் போனது. அடுத்த வருஷம் எழுதித் தேறி வெளிநாடு போனாள். அத்தை குடிவந்து, அண்ணனைத் திட்டியபடியே சோறு ஊட்டினாள். லீவில் மகள் வரும்போதெல்லாம் டாக்சியைத் தெருவுக்கு வெளியே நிறுத்திவிட்டு முனையிலிருந்து நடந்துவந்தாள். அத்தை காலமானாள். டாக்டரும் முழங்கால் தேய்ந்து போய்ச்சேர்ந்தார். தெருவை அகலப்படுத்த வந்தவர்கள் சுற்றுச்சுவரை இடித்து, கேட்டையும் லாரிக்காரரையும் விட்டுவைத்து, வண்டிகள் மோதாமலிருக்க அவரைச் சுற்றி ஒரு சிமெண்ட் விளிம்பு கட்டினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கிறார்கள். காத்திருக்கிறவர் சாகவில்லை, மூப்படையவும் இல்லை. மகள் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்பியபோது அவளுக்கு அப்பாவைவிட வயது கூடியிருந்தது. நரைத்த தலையோடு முனையில் திரும்பினாள். ஓரமா வா என்றார்.

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், கடையிலிருந்து வந்து கேட்டைத் தொட்ட மகளை நிறுத்திக் கேட்டாள்.

“தப்பா நெனைக்காதீங்கக்கா. அந்தப் பெரியவர் யாருக்காக நிக்கிறாரு?”

“எனக்காகத்தான்” என்றாள் மகள். பையைக் கைமாற்றிக்கொண்டு உள்ளே போனாள்.