கேட்காமல் செய்த ஜெபம்

லூர்துபுஷ்பம் தன் மகனுக்காக வேண்டாத புனிதர் ஒருவர்கூடப் பாக்கி இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள், புதன்கிழமை சகாயமாதா நவநாள், இடையிடையே உவரி அந்தோணியார் கோயிலுக்கு ஒரு நேர்ச்சை. மகன் டெல்வின் வேலை பார்த்த சரக்குக் கப்பலை அதன் முதலாளி வளைகுடாக் கடலில் அம்போவென்று விட்டுவிட்டுத் தலைமறைவாகிவிட்டார். பதினோரு மாதமாக அது கரைக்கு வர அனுமதியில்லாமல் நங்கூரம் போட்டு நின்றது. வழக்கு கோர்ட்டில். யாராவது படகில் அரிசியும் தண்ணீரும் கொண்டுவந்தால்தான் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் டெல்வின் போனில் இரண்டு வார்த்தை பேசுவான். அதை நம்பித்தான் புஷ்பம் வாரத்தைத் தள்ளினாள்.

குற்றாலத்துத் தியான இல்லத்தில் இரண்டு நாள் மௌனத் தியானம் என்று பங்குக் கோயிலில் அறிவித்ததும் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். இன்சூரன்ஸ் ஏஜென்டாக வாயை வைத்தே பிழைக்கிறவள் வாயை மூடப்போகிறாள் என்று பக்கத்து ஊரான மேலகரத்தில் அவள் தெருவே சிரித்தது. கணவர் சவரிராஜையும் கையோடு கூட்டிக்கொண்டாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவருக்கு மௌனம் பழக்கம்தான். கப்பல் நின்ற நாளிலிருந்து குடும்ப ஜெபத்துக்கே அவர் உட்காருவதில்லை. மாடிக்குப் போய்விடுவார். பெற்ற பிள்ளைக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்ல இந்த மனுஷனுக்கு வாய் வரவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் குமுறல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே போன்களை வாங்கி வைத்துவிட்டார்கள். ஏதாவது அவசரமென்றால் நேரில் வந்து சொல் என்று பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் புஷ்பம் வந்திருந்தாள்.

சனிக்கிழமை காலைப் பிரசங்கத்தில் இளம் ஃபாதர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். “இன்னிக்கு ஒருநாள் ஆண்டவர்ட்ட எதுவும் கேக்காதீங்க. நம்ம கஷ்டம் அவருக்குத் தெரியும். சும்மா அவர்கூடப் போய் இருங்க.”

‘இவருக்கென்ன, பிள்ளையா குட்டியா?’ என்று கொதித்துக்கொண்டே புஷ்பம் சிற்றாலயத்துக்குள் போய் உட்கார்ந்தாள். முழங்காலிட்டதுமே வாய் தானாக ஆரம்பித்தது: ஆண்டவரே, டெல்வினை... நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்கக்கூடாதென்றால் வேறு என்னதான் சொல்வது? வெளியே சாரல் தகரக் கூரையில் சடசடத்தது. அதற்கும் அப்பால் அருவி இரைந்துகொண்டிருந்தது. நேரம் நகரவே இல்லை.

எங்கிருந்தோ ஒரு ஞாபகம் வந்தது. டெல்வினுக்கு நாலு வயசு. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டிக்குள் காகிதக் கப்பல் விட்டு, அது மூழ்கிவிடக்கூடாதென்று கன்னம் உப்ப ஊதிக்கொண்டு நிற்கிறான். உபதேசியார் வந்து காதைத் திருகியதும், “சேசுதான் விடச் சொன்னாரு” என்று அழுகிறான். புஷ்பத்துக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஆண்டவர் குடியிருக்கும் நற்கருணைப் பேழையைப் பார்த்தாள்.

‘நீரும் அன்னிக்குப் பாத்துக்கிட்டுதான இருந்தீரு?’

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. பிள்ளையின் சேட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒரே பிள்ளையைப் பெற்ற இரண்டு பேர் உட்கார்ந்து அவனைப் பற்றி அலுக்காமல் பேசுவதுபோல இருந்தது. பதினோரு மாதமாகக் கூடவே கிடந்த பயம் எப்போது விட்டுப்போனதென்றே தெரியவில்லை. எழுந்து வெளியே வந்தபோது அவளுக்கே திகைப்பு. கப்பல் நின்ற இடத்தில்தானே நிற்கிறது, எனக்கு ஏன் இத்தனை சந்தோஷம்? யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. ஆனால் மௌனம்!

அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏ புஷ்பம்! ஏட்டி, எங்கன இருக்க?”

ஆட்டோவிலிருந்து பாதி இறங்கியும் இறங்காமலும் சங்கரம்மாள். தலைமுடியெல்லாம் சாரல். கையில் போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“டெல்வினு பேசுதான்! விட்டுட்டாங்களாம்! ஏர்போர்ட்ல நிக்கான்! உங்க ரெண்டு போனும் செத்துக் கெடக்குன்னு எனக்கு அடிச்சிருக்கான்!”

புஷ்பம் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்று பூந்தொட்டிக்குள் விழுந்தது.

“ஏ ராசா! டெல்வினு!”

“அம்மா, நேத்து மத்தியானமே ஆர்டர் வந்துட்டும்மா. எல்லாரையும் எறக்கி விட்டுட்டாங்க. திருவனந்தபுரம் ஃப்ளைட்டு. இப்பக் கூப்புட்டுருவாங்க. அப்பா எங்க? அப்பாட்ட குடும்மா, சீக்கிரம்!”

அப்பா எங்கே? ஆண்கள் அறையில் இல்லை. சாப்பாட்டுக் கூடத்தில் இல்லை. புஷ்பம் போனைக் காதில் வைத்தபடி, “வச்சுராதலே, வச்சுராத!” என்று வளாகம் முழுக்க ஓடினாள். தியானத்தில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் பேசக்கூடாதே! ஒருவர் கிணற்றுப் பக்கம் கை காட்டினார். இன்னொருவர் இல்லை என்று தலையாட்டி மாமரத்தைக் காட்டினார். கடைசியில் வயதான சிஸ்டர் ஒருவர் இரண்டு கையையும் மேட்டை நோக்கி வீசினார். அங்கே இயேசுவின் பாடுகளைப் பதினாலு தலங்களாக வைத்திருந்த சிலுவைப்பாதை.

புஷ்பம் மூச்சிரைக்க ஏறினாள். இயேசு தம் தாயைச் சந்திக்கும் நாலாம் தலத்தின் முன்னால், ஈரத் தரையில், சவரிராஜ் கைகளை விரித்து முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. உதடுகள் ஓசையில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. அவர் மாடிக்குப் போய் என்ன செய்தார் என்று ஒருநாளும் ஏறிப் பார்க்கவில்லையே என்று அவளுக்குச் சுரீரென்றது. யோசிக்க அது நேரமில்லை. போனை அவர் காதில் வைத்து அழுத்தினாள்.

“அப்பா! அப்பா, இருக்கியளா?”

சவரிராஜின் விரித்த கைகள் அப்படியே நின்றன.

“இருக்கேம்லே,” என்றார். “இங்கனதாம்லே இருக்கேன்.”

அடுத்த கணம் அவர் வாய்விட்டு அழுதார். மனைவியே முப்பது வருஷத்தில் கேட்டிராத சத்தம். அதைக் கேட்டுக் கீழே கைதட்டல் எழுந்தது. ஃபாதரே மணியை அடித்து, “பேசுங்கப்பா, எல்லாரும் பேசுங்க!” என்றார். அவ்வளவுதான், சந்தைக்கடைதான்.

“பாத்தீங்களா அக்கா? நீங்க கேக்குறத நிறுத்துனீங்க, ஆண்டவர் குடுத்துட்டாரு,” என்று பக்கத்துப் பங்குப் பெண் ஒருத்தி புஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புஷ்பம் சிரித்தாள். “இல்லம்மா. ஆர்டர் நேத்தே வந்துட்டு. அது தெரியாமதான் நான் காலைல உள்ள இருந்தேன். எனக்கு அங்கன வேற ஒண்ணு கெடச்சுது. அதயும் இதயும் சேத்துறாத.” சொல்லும்போதே கண் கலங்கியது. இந்தச் செய்தி வந்திராவிட்டாலும் அது தன்னிடம் இருந்திருக்கும் என்று அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது.

பத்து நிமிஷத்தில் கார் ஏற்பாடானது. சங்கரம்மாள் கேட்காமலேயே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். செங்கோட்டை தாண்டிப் புளியரை மலையேறும்போது சவரிராஜ் பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். எடுத்தவர் சத்தமாகவே சொல்ல ஆரம்பித்தார். புஷ்பம் பதில் சொன்னாள். வளைவு வரும்போதெல்லாம் சங்கரம்மாள், “முருகா, டிரைவரு தம்பி, மெதுவாப் போங்க!” என்று தன் பங்கைச் சேர்த்தாள்.

திருவனந்தபுரத்தில் வெயில் சாய்வதற்குள் பயணிகள் வெளியே வரத் தொடங்கினார்கள். கோட் போட்டவர், குழந்தையைத் தூக்கியவர், பெட்டி தள்ளுகிறவர். அவர்களுக்குப் பின்னால் எலும்பும் தோலுமாக, நெஞ்சுவரை தாடியோடு, தோளில் ஒரே ஒரு பையுடன் ஒருவன்.

“அந்தா வாரான்லா!” என்று முதலில் கத்தியது சங்கரம்மாள்தான்.

காவலர் மலையாளத்தில் என்னவோ சொல்லித் தடுக்கப் பார்த்தார். அதற்குள் புஷ்பம் கம்பித் தடுப்புக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போயிருந்தாள்.