ஆற்றங்கரையில் அறுத்தது

சூரியன் இன்னும் எதிர்மலையைத் தாண்டவில்லை. மொசியுவா சாம்பல் குதிரைக்குச் சேணம் கட்டினார். குடிசைக்குள் அவர் மகள் கெபுவே கம்பளியைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை தலை திரும்பவில்லை. மருத்துவமனை கணவாய்க்கு அப்பால்.

சில நாட்களாகவே குதிரை தள்ளாடியது. நேற்று மாலை சூனியம் நீங்க அதை மருந்துநீரில் கழுவினார். காலையில் அசையாமல் நின்றதால் குணமாகிவிட்டது என்று நம்பினார். நடக்கவிட்டதும் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. சுவரில் சரிந்து நின்றது. தொடைகள் நடுங்கின.

"அண்டைவீட்டு ரம்பாய் வேலைதான்" என்றார் மொசியுவா. "நேத்து அவன் வாசல்ல நின்னு அவனைச் சூனியக்காரன்னு நான் கத்துனது சரிதான்."

"கத்தி என்ன ஆச்சு?" என்றாள் அவர் மனைவி. "அவன் குதிரை கல்லு மாதிரி நிக்குது. போய்க் கேளுங்க."

"செத்தாலும் அவன் குதிரையில என் பொண்ணை ஏத்தமாட்டேன்."

"மெதுவாப் பேசுங்க. சாகப்போறது நீங்க இல்ல."

மருமகள் மாதெபெ லாயத்தில் தீவனத்தைக் கிளறினாள். மலைச்சரிவு எரிந்துபோனதால் ஆற்றங்கரையில் அவள் அறுத்த புல். எல்லாம் காய்ந்து கிடந்த காலத்தில் அங்கே பச்சையாக நின்றது. உலர்ந்த அந்தப் புல்லுக்குள் கணுக்கணுவான, இலையில்லாத தண்டுகள் கை நிறைய வந்தன. குதிரைவால் செடி.

பிறந்த வீட்டில் அப்பா இதைத் தீவனத்திலிருந்து பொறுக்கிப் போடுவார். அதை வைத்து அம்மா பானை தேய்ப்பாள். அம்மாவுக்காகத்தான் பொறுக்குகிறார் என்று மாதெபெ நினைத்திருந்தாள். குதிரைக்கு ஆகாது என்பதால்தான் என்று இப்போது புரிந்தது.

ஒரு பிடி எடுத்துவந்து மாமியாரிடம் காட்டினாள். "சூனியம் இல்ல அத்தே. இதான். நான்தான் போட்டேன். மாமாகிட்ட சொல்லுங்க."

"வாயை மூடு. மக பொழைக்கலன்னா உன்னைத்தான் கேப்பாரு."

உள்ளே கெபுவே கத்தினாள். பிறகு கத்தவில்லை. முனகினாள்.

மாதெபெ இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மாமனாரிடம் நேராக ஒரு சொல் பேசியதில்லை; மருமகள் பேசக்கூடாது. இப்போது முற்றத்தைக் கடந்து அவர் முன் நின்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

"குதிரைக்கு நஞ்சு போட்டது நான். தெரியாம. ரம்பாய் ஒண்ணும் செய்யல."

அவர் ஒரு தண்டை வாங்கி ஒடித்தார். தண்டுக்குள் ஒன்றுமில்லை, வெறும் குழல். இன்னொன்றையும் ஒடித்தார். அவளைப் பார்க்காமல் வெளியே நடந்தார்.

ரம்பாய் தன் தொழுவ வாசலில் நின்றிருந்தார். பின்னால் செவலைக் குதிரை. பக்கத்து வீடுகளில் பெண்கள் பெருக்குவதை நிறுத்தினார்கள்.

மொசியுவா தொப்பியைக் கழற்றினார். நெருங்கிப்போய்த் தாழ்ந்த குரலில் குதிரையை இரவல் கேட்டார். மருமகள் சொன்னதையும் சொன்னார்.

ரம்பாய் முழுவதும் கேட்டார்.

"நேத்து ஊருக்கே கேக்குற மாதிரி கத்துனீங்களே, பெரியவரே. இன்னைக்கு ஏன் எனக்கு மட்டும் கேக்குற மாதிரி பேசுறீங்க?"