சாண்ட்விச் மேசை

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே இலவசம். நீ இருக்கப்பட்டவளா இல்லாதவளா என்று அங்கே ஒருத்தரும் கேட்பதில்லை. வாசலில் கூடுகிற அம்மாக்கள்தான் கேட்பார்கள். அதிலும் இந்த டான் இருக்கிறாளே, அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"பெத்த பிள்ளைக்கு ரெண்டு ரொட்டி கட்டித்தர வக்கில்லாதவளுங்கதான் அந்த ஓசிச் சோத்துக்கு அனுப்புவாளுங்க" என்பாள்.

ஷெரிலும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கிடங்கில் பார்த்த வேலை போனதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அது தெரிந்தால் அந்தக் கூட்டத்தில் நிற்க முடியுமா? கூட்டத்தை விட்டால் அவளோடு பேச இந்த ஊரில் வேறு ஆள் இல்லை.

அதனால் அவள் மகள் ஐந்து வயசுப் பெத்தனிக்குத் தினமும் வீட்டிலிருந்து டப்பாதான் போனது. மூடியில் அழகான படம், உள்ளே வெண்ணெய்க்குப் பதில் மலிவான மார்ஜரின் தடவிய ஒற்றை ரொட்டித் துண்டு. காலையில் மிஸ் பேர் கூப்பிடும்போது ஒவ்வொரு பிள்ளையும், பள்ளிச் சாப்பாடு என்றால் 'டின்னர்' என்றும் வீட்டு டப்பா என்றால் 'சாண்ட்விச்' என்றும் சொல்ல வேண்டும். டின்னர் பிள்ளைகளுக்கு ஒரு மேசை, சாண்ட்விச் பிள்ளைகளுக்கு வேறு மேசை.

"அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை. மீனும் சிப்ஸும் போடுவாங்க. நான் டின்னர்னு சொல்லட்டுமா?"

"வாய மூடு. நாம என்ன பிச்சைக்காரங்களா?"

மறுநாள் பெத்தனி 'டின்னர்' என்று சொல்லிவிட்டாள். பசி, பாவம், வேறென்ன!

சாயங்காலம் பள்ளி வாசலுக்கு டானின் மகன் கோரி ஓடி வந்தான். "அம்மா, பெத்தனி மீன் தின்னா. தட்டைக்கூட நக்கினா."

டான் மெல்லத் திரும்பினாள். "என்னடி ஷெரில், வீட்டுல அடுப்பு எரியலையா? சொல்லியிருந்தா எங்க நாய்க்குப் போடுறதுல கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பேனே."

எல்லோரும் சிரித்தார்கள். ஷெரிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மகளின் கையைப் பிடித்துத் தரதரவென்று கதவருகே நின்ற மிஸ்ஸிடம் இழுத்துப்போனாள். டானுக்குக் கேட்கும்படியே பேசினாள்.

"மிஸ், இவ என்ன சொன்னாலும் இனி சாண்ட்விச்னே எழுதுங்க. உங்க சாப்பாடு இவளுக்கு ஒத்துக்காது. மேலெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்கும்."

"அப்படியா? இன்னிக்கு ரெண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்னாளே."

"பெத்தவ நான் சொல்றேன். ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

மிஸ் பயந்துபோனாள். இனிமேல் சமையல்கட்டிலிருந்து இவளுக்கு எதுவும் தரமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தாள்.

டான் வந்து ஷெரிலின் தோளில் கைபோட்டாள். "முன்னாடியே சொல்லக்கூடாதாடி? நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

ஷெரிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மிஸ் குனிந்து, "அப்படியா கண்ணு, உனக்கு ஒத்துக்காதா?" என்று கேட்டாள்.

பெத்தனி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா மிஸ்," என்றாள். "எனக்குப் பசிக்கவே பசிக்காது."