வீட்டுக்காரரின் கையெழுத்து

தண்ணீர் லாரியும் வீடியோ அழைப்பும் ஒரே நேரத்தில் வந்தன. குளோரியா இரண்டாம் மாடியில், ‘பூஞ்சிட்டு - பாலூட்டும் தாய்மார் ஆடைகள்’ என்று அச்சடித்த தாளைத் தன் வீட்டுக் கதவில் அப்போதுதான் ஒட்டி முடித்திருந்தாள்.

“மேடம், தமிழ்லயே பேசலாம், நான் ஓசூருதான்” என்றார் திரையில் வந்த ராஜேஷ்குமார். இணையக் கடைகளுக்குக் கார்டு பணம் வாங்கித் தரும் நிறுவனத்தில் முகவரி சரிபார்ப்பவர். “கீழ கேட்லேர்ந்து ஆரம்பிங்க. கட் பண்ணாம வீட்டு வாசல் வரைக்கும் காட்டணும்.”

கீழே வீட்டுக்காரி வீணா நின்றிருந்தார்.

இதுவரை குளோரியாவின் கடைக்கு யுபிஐ போதுமானதாக இருந்தது. போன வாரம் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனி, பிரசவ விடுப்பிலிருந்து திரும்பும் பெண்களுக்குப் பரிசளிக்க எண்பது செட் கேட்டது. கம்பெனி கார்டில்தான் பணம் கட்டுவார்கள். “இன்னைக்கு ஒரு மணிக்குள்ள பேமென்ட் லிங்க் வரலேன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேங்க, என்னையும் மேல கேக்கறாங்க” என்று அங்கே ஆர்டரைக் கவனிக்கும் தாரணி காலையில் சொல்லிவிட்டாள்.

வாடகை வீட்டில் கடை என்றால், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டும். ஹெப்பகோடியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே வீணா சொல்லியிருந்தார்: பிசினஸ் கூடாது. போன வருடம் கீழ்த்தளத்தில் ஒரு பெண் ரகசியமாக பியூட்டி பார்லர் நடத்தியதில், மின்வாரியத்தார் மீட்டரைக் கூடுதல் கட்டணக் கடைக் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பெண் ஒரே மாதத்தில் காலி செய்தாள்.

கேட்டால் கிடைக்காது என்று குளோரியா தானே முடிவு செய்துகொண்டாள். கோலார் தங்கவயல் பள்ளியில் கன்னடம் படித்தவள். வீணாவின் கன்னடக் கையெழுத்து இரண்டு வருட வாடகை ரசீதுகளில் இருந்தது. துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் பேப்பரின் பின்பக்கம் பழகிவிட்டு, பன்னிரண்டாவது முறை கடிதத்தில் போட்டாள்.

இப்போது கீழே இறங்கி, போனை நீட்டிப் பிடித்தபடி வீணாவைக் கடந்தாள். லாரியின் மோட்டார் இரைச்சல் காப்பாற்றியது. வீணா தொட்டிக்குள் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். கேட், கதவு எண், படிகள், மறுபடி இரண்டு மாடி, தாள்.

“ஓகே மேடம். ஓனர் நம்பர் லெட்டர்ல இருக்கில்ல, வேற டீம்லேர்ந்து ஒரு கன்ஃபர்மேஷன் கால் போகும். அஞ்சு நிமிஷம்தான். அப்புறம் அக்கவுண்ட் ஆன் ஆயிடும்.”

யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. எண்ணை மாற்றி எழுதவும் வழியில்லை. வாடகை ஒப்பந்தத்தில் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

குளோரியா படிகளில் ஓடி இறங்கினாள். வீணாவின் போன் தொட்டிச் சுவர்மேல் இருந்தது. என்ன சொல்வது என்று தீர்மானிப்பதற்குள் அது ஒலித்தது.

“கை ஈரம்மா. யாருன்னு நோடு, நீயே பேசு” என்றார் வீணா, குழாயை விடாமல்.

எடுத்தாள். “வீணா மேடமா?” என்று கன்னடத்தில் கேட்டது ஒரு பெண் குரல். வீணாவின் குரல் எப்படி இருக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. ‘ஹௌது’, ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

“ஒரு நிமிஷம்” என்றாள் குளோரியா. ஒலிவாங்கியை விரலால் அடைத்து, வீணாவின் காதருகே குனிந்தாள்.

“ஆன்ட்டி, இது என் விஷயம். மேல துணி தச்சு ஆன்லைன்ல விக்கறேன். நீங்க சம்மதம்னு லெட்டர் எழுதி உங்க சைன நானே போட்டுட்டேன். அதக் கேக்கத்தான் போன் பண்றாங்க.”

வீணா குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் வாசலில் ஓடியது. லாரிக்காரர் கத்தினார். வீணா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்து, போனை வாங்கிக் காதில் வைத்தார். அவள் முகத்தைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

“ஹௌது” என்றார். கொஞ்சம் கேட்டார். “ஹௌது, நந்தே சைன்.” தன் கையெழுத்துதான் என்று சொல்லி வைத்துவிட்டார்.

குளோரியா அவர் கையைப் பிடிக்கப் போனாள். வீணா விலகிக்கொண்டார்.

“ரெண்டு வருஷமா மெஷின் சத்தம் எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா? பொண்ணு ஏதோ வீட்லயே பொழைக்குதுன்னு விட்டேன். வந்து கேட்டிருந்தா திட்டிட்டாவது போட்டுக் குடுத்திருப்பேன்.”

“பயந்துட்டேன் ஆன்ட்டி.”

“யாரோ ஒருத்திகிட்ட உன்ன கள்ளின்னு சொல்ல வாய் வரல, அஷ்டே, அவ்ளோதான். என் கையெழுத்துப் போடத் தெரிஞ்சவள மேல வெச்சுக்கிட்டு நான் கீழ எப்படிம்மா தூங்கறது? மாசக் கடைசில காலி பண்ணிடு. அட்வான்ஸ் முழுசும் குடுத்துடறேன்.” குழாயை எடுக்கக் குனிந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு லிங்க் போனது. பத்து நிமிடத்தில் பணம் வந்த குறுஞ்செய்தி வந்தது. தாரணி ஒரு இதய எமோஜி அனுப்பியிருந்தாள். குளோரியா அதைப் பார்த்துவிட்டு, வீட்டுத் தரகரை அழைத்தாள்.

“ஒரு ரூம், கிச்சன் போதுங்கண்ணா. ஆனா வீட்லயே தச்சு ஆன்லைன்ல வியாபாரம் பண்றேன், ஓனர்கிட்ட மொதல்லயே சொல்லிடுங்க.”

“ஐய, அதெல்லாம் சொன்னா யாரும்மா வீடு குடுப்பாங்க? ஒண்ணும் சொல்லாம உள்ள போயிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.”

“இல்லண்ணா, சொல்லிடுங்க” என்றாள்.

“அப்ப லேட் ஆகும்” என்றார் அவர்.

நாள்காட்டியில் மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. எண்பது செட்டுக்கான முதல் துணியை விரித்து, கத்திரியை எடுத்தாள்.